சுவர்க் குழந்தையின் முட்டை

டீச்சருக்கு அரசாங்கம் ஒரு போன் கொடுத்தது. அதோடு அவள் நிம்மதி போயிற்று.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, சத்துணவு மையத்து டீச்சர். கையில் காசு தங்காத வீடுகளின் சின்னப் பிள்ளைகள் காலையில் அங்கே வருவார்கள். பாட்டு, விளையாட்டு, கஞ்சி, முட்டை, ஒரு குட்டித் தூக்கம், அப்புறம் வீடு. மையம் என்பது நீளமான ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் இரும்பு அலமாரி, நடுவில் பாய். அந்த அறையின் ஜன்னல் திறந்தால் மூட வராது, மூடினால் திறக்க வராது. அதனால் அதைப் பாதியிலேயே விட்டிருந்தார்கள். பாய்க்குப் பின்னால் சுவரில் பெரிய படம் ஒன்று. கொழுகொழுவென்று ஒரு குழந்தை, கையில் கரண்டி, கன்னத்தில் குழி, வாயெல்லாம் சிரிப்பு. சத்தாகச் சாப்பிடச் சொல்லி அதன் கீழே ஏதோ எழுதியிருந்தது. பிள்ளைகள் அதற்குக் குண்டுப்பாப்பா என்று பேர் வைத்திருந்தார்கள்.

போன் வந்த பிறகு எல்லாமே முகக் கணக்கு. கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். போன் அதிலுள்ள முகங்களை எண்ணி, யார் யார் என்று தானே கண்டுபிடித்து, மேலே அனுப்பிவிடும். எத்தனை முகமோ அத்தனை முட்டை மறுநாள் வண்டியில் வரும். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர் இதைச் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருந்தது. “போன் என்ன கேட்டாலும் மறைக்காம உண்மைய மட்டும் போடுங்க. மத்தத அது பாத்துக்கும்” என்றார். அந்த மனிதர் பிள்ளைகளை வைத்துப் படம் எடுத்தவர் இல்லை போலிருக்கிறது.

ஒன்று போனைப் பார்த்தால் இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் காதைப் பார்க்கும். ஒன்று சரியாக அந்த நொடியில் தும்மும். தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வதற்கென்றே ஒரு வாண்டு இருந்தது. கடைசியில் ஆயாதான் வழி கண்டுபிடித்தாள். ஆயா என்பவள் மையத்தில் சமைப்பவள். டீச்சரை விட வயதில் மூத்தவள், வாயில் அதைவிட மூத்தவள். டீச்சர் ஸ்டூல் மேல் ஏறிப் போனை நீட்டுவாள். பின்னால் ஆயா கரண்டியைத் தலையில் நட்டுக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடுவாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அந்த இமைப்பொழுதில் டீச்சர் அமுக்கிவிடுவாள்.

முதல் நாளே போன் ஒரு முகத்தைக் கூடுதலாக எண்ணியது. டீச்சர் பிள்ளைகளை எண்ணினாள், திரும்ப எண்ணினாள். போன் குண்டுப்பாப்பாவின் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, புதிய குழந்தை வந்திருக்கிறது, பெயர் என்ன என்று கேட்டது.

உண்மையை மட்டும் போடச் சொல்லியிருந்தார்களே. டீச்சர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘அது சுவர்ல இருக்கற படம்’ என்று போட்டாள். தாய் பெயர் என்றது. ‘இல்லை’ என்று போட்டாள். தந்தை பெயர்? ‘இல்லை’. முகவரி? ‘சுவர்’. பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தாள். யார் ஒட்டியது என்று கேட்கிறார்கள் போல என்று தன் பெயரைப் போட்டாள். போன் பச்சையாக ஒரு டிக் அடித்து நன்றி சொன்னது. பரவாயில்லை, சொன்னதைப் புரிந்துகொள்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் முட்டை வண்டி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு முட்டை கூடுதலாக வந்திருந்தது. போனைத் திறந்தால், ‘அது சுவர்ல இருக்கற படம்’ என்ற பெயருடைய குழந்தை தாய் தகப்பன் இல்லாத சிறப்புப் பிரிவில் சேர்க்கப்பட்டதாகவும், அதற்கு மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு ஊட்டம் தர வேண்டும் என்றும் செய்தி வந்திருந்தது.

“குடுத்து வெச்ச புள்ள” என்றாள் ஆயா, சுவரைப் பார்த்து.

டீச்சர் பயந்த சுபாவம். அன்றே உதவி எண்ணுக்கு அடித்தாள். நெடுநேரம் இசை போட்டுக் காட்டிவிட்டு ஒரு பையன் பேசினான். அவ்வளவு மரியாதையான பையன்.

“ஒரு குழந்தையோட பதிவ எடுக்கணும் தம்பி.”

“கண்டிப்பா மேடம். காரணம் சொல்லுங்க. இறந்துட்டாங்களா, ஊர் மாறிட்டாங்களா, ஆறு வயசு முடிஞ்சிடுச்சா?”

“அது குழந்தையே இல்ல தம்பி. படம். சுவத்துல ஒட்டியிருக்கு.”

“புரியுது மேடம். படத்துக்கு எத்தன வயசு ஆகுது?”

“ஒட்டி ரெண்டு வருஷம் இருக்கும்.”

“அப்ப இன்னும் நாலு வருஷம் பொறுத்துக்குங்க மேடம். தானா எடுத்துடும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

ஊர் மாறிவிட்டதாகப் போடலாமா என்று பார்த்தால், எந்த மையத்துக்குப் போகிறது என்று போன் கேட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். டீச்சர் ‘இறந்துவிட்டது’ என்ற இடத்துக்கு விரலைக் கொண்டு போனாள். எதிரே குண்டுப்பாப்பா குழி விழச் சிரித்துக்கொண்டிருந்தது. காகிதம்தான், தெரியும். இருந்தாலும் சிரிக்கிற பிள்ளையை எப்படி அப்படிப் போடுவது? போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அந்த வாரம்தான் இஸ்திரிக்காரம்மா வந்து சேர்ந்தாள். மையத்துக்கு எதிரே தள்ளுவண்டியை நிறுத்தித் துணி தேய்க்க ஆரம்பித்தாள். வண்டிக்கு அடியில், கரி மூட்டைக்குப் பக்கத்தில், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருக்கும். கையும் காலும் தீக்குச்சி போல இருக்கும். கழுத்தெலும்பு இரண்டும் தனியாகத் தெரியும். தெருவே அதைக் குச்சி என்றுதான் கூப்பிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அழாது, கேட்காது. மணி பார்க்கத் தெரியாத அந்தக் குழந்தை கஞ்சி வேளைக்கு மட்டும் சரியாக மையத்து வாசலில் வந்து நிற்கும்.

டீச்சர் தானே போய் இஸ்திரிக்காரம்மாவை அழைத்து வந்து பதிவு செய்ய உட்கார்ந்தாள். குடும்பத்தின் பெயர் பழைய ஊரில் ஏற்கெனவே இருந்தது. இங்கே மாற்ற வேண்டுமென்றால் குடும்பத் தலைவர் போனுக்கு ஓர் எண் வரும், அதைப் போட வேண்டும் என்றது போன்.

“தலைவர் எங்கம்மா?”

“அவரு போனோடதான் இருப்பாரு டீச்சர். எங்க இருக்காருன்னுதான் தெரியல. போய் ஒரு வருஷம் ஆவுது.”

டீச்சர் அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. இஸ்திரிக்காரம்மாவின் முகம் மாறியது.

“யாரு டீச்சர் அவ?”

“அது மெஷின்மா.”

“மெஷினா இருந்தா சரி” என்றாள் அவள்.

பதிவாகாத முகம் படத்தில் விழுந்தால், பதிவை முடிக்கும் வரை போன் அலறும், மேற்கொண்டு நகராது. அதனால் குச்சி வாசலிலேயே நின்றது. கஞ்சியில் ஆயா ஒரு சொம்புத் தண்ணீர் கூட ஊற்றி அதற்கும் கொடுத்துவிட்டாள். “கஞ்சிய நீட்டலாம் டீச்சர். முட்டைய எப்படி நீட்டறது?” என்றாள்.

அப்போதுதான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. தாய் தகப்பன் இல்லை என்று போட்டால் போன் எந்த எண்ணும் கேட்கவில்லையே. குண்டுப்பாப்பாவை மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டதே. புதுப் பிள்ளை மாதிரி குச்சியைச் சேர்த்துவிடலாம். பெரிய கண்டுபிடிப்புச் செய்தவள் போல நேரே தள்ளுவண்டிக்குப் போய்ச் சொன்னாள்.

இஸ்திரிக்காரம்மா பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். யாருடைய சட்டையோ பாதி தேய்த்தபடி கிடந்தது.

“எம் புள்ளைக்கு அம்மா இல்லன்னு எழுதுவீங்களா?”

“சும்மா போன்லதாம்மா. நெஜமாவா?”

“நான்தானே டீச்சர் அவளுக்கு இருக்கறது. அப்பன் இல்லன்னு எழுதுங்க, கோயிலா கட்டியிருக்கேன் அவனுக்கு. என்னையும் இல்லன்னு எழுதிட்டா, அவளுக்கு யாருதான் இருக்கா? ஒரு முட்டைக்காக நான் செத்துப்போகணுமா?”

டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. “வேண்டாம்மா, விடு. தெரியாமச் சொல்லிட்டேன்” என்று திரும்பினாள். இந்தப் போன் தன்னை எப்படியெல்லாம் பேச வைக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளே ஆயா குண்டுப்பாப்பாவின் இரண்டு முட்டைகளையும் உரித்து ஒரு தட்டில் வைத்திருந்தாள். “சுவத்துல இருக்கறது சாப்பிடாது. வாசல்ல இருக்கறது சாப்பிடும்” என்றாள். டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து, அங்கே இல்லாத எதையோ வெகுநேரம் தேடினாள். அவள் திரும்பிப் பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. வாசலில் குச்சியின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

அதற்கப்புறம் டீச்சர் உதவி எண்ணுக்கு அடிக்கவே இல்லை. குண்டுப்பாப்பா பதிவில் இருக்கிற வரை குச்சிக்கு முட்டை. அது போனால் இதுவும் போகும். அவ்வளவுதான் கணக்கு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. குண்டுப்பாப்பா ஒரு நாள் தவறாமல் சிரித்த முகத்தோடு படத்தில் விழுந்தது. குச்சி கேமராவுக்குத் தெரியாமல் கதவோரம் உட்கார்ந்து ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டது. மாதங்கள் ஓடின. கழுத்தெலும்பு மறைந்தது. முதலில் சிரிக்க ஆரம்பித்தது, பிறகு கேட்க ஆரம்பித்தது, பிறகு சண்டை போட ஆரம்பித்தது. தட்டைத் தலையில் கவிழ்க்கும் வாண்டை ஒரு நாள் அது துரத்தி அடித்தபோது டீச்சர் கண்டிக்க எழுந்தாள். கால் வலித்தது போலிருக்கிறது, உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது போன் எடை கேட்டது.

தாய் தகப்பன் இல்லாத குழந்தை, தினமும் வருகிறது, ஒரு தடவை கூட எடை பார்க்கவில்லை. எடை போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று போன் அடம் பிடித்தது. அடுத்த பக்கம் திறக்காவிட்டால் நாளைக்கு ஒரு பிள்ளைக்கும் முட்டை வராது. எடையை விரலால் எழுதவும் முடியாது. புதிதாகக் கொடுத்திருந்த தராசு, ஏறி நின்றவுடன் தானே போனுக்குச் சொல்லிவிடும்.

டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆயா சுவரிலிருந்து படத்தைப் பிய்த்தெடுத்துச் சுருட்டினாள்.

“ஆயா, என்ன பண்றீங்க?”

“எடைதானே கேக்குது? குடுத்துட்டாப் போச்சு.”

டீச்சர் எழுந்து வருவதற்குள் சுருட்டிய காகிதம் தராசில் நின்றது. போன் அந்த எடையை வாங்கிக்கொண்டது. பிறகு அதன் முகம் முழுக்கச் சிவந்தது. பிறகு அது கூவத் தொடங்கியது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அடங்கவில்லை. குழந்தை உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கிறது, அதை யாரும் நகர்த்த வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது என்று எழுத்து ஓடியது.

மையத்து வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. எத்தனையோ முறை சொல்லியும் எட்டிப் பார்க்க ஆள் வந்ததில்லை. ஆம்புலன்ஸ் மட்டும் ஆயா அடுப்பை அணைப்பதற்குள் வந்துவிட்டது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு சாக்கடையைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடி வந்தார்கள்.

“குழந்தை எங்க?”

ஆயா தராசைக் காட்டினாள். ஒருவர் குனிந்து பார்த்தார். இன்னொருவரைப் பார்த்தார். இன்னொருவர் சுருளைப் பிரித்தார். குண்டுப்பாப்பா அவரைப் பார்த்துச் சிரித்தது. பிள்ளைகள் கை தட்டின.

வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால் அவர்களுக்கும் மேலே பதில் சொல்ல வேண்டுமே. ‘குழந்தை ஒப்படைக்கப்படவில்லை’ என்று தங்கள் போனில் தட்டிவிட்டுப் போனார்கள். எடை கிடைத்துவிட்டதால் டீச்சரின் போனில் அடுத்த பக்கமும் திறந்து, மறுநாள் முட்டைக் கணக்கு மேலே போய்விட்டது. அன்று சாயங்காலமே மேலதிகாரியின் அலுவலகத்திலிருந்து டீச்சருக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாளைக் காலை அதிகாரியே நேரில் வருகிறார். அந்தக் குழந்தையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை டீச்சர் முகம் வெளுத்து வந்தாள். “நான் உண்மைய சொல்லிடப் போறேன் ஆயா.”

“சொல்லுங்க. அப்படியே குச்சிகிட்டயும் சொல்லிடுங்க, நாளைலேர்ந்து முட்டை இல்லன்னு.”

“என் வேலையே போயிடும் போல இருக்கு.”

“எந் தங்கச்சி பேரன் ஒருத்தன் இருக்கான். நல்லா குண்டா இருப்பான். ஒரு மணி நேரத்துக்குக் கூட்டிட்டு வரட்டுமா?”

“ஆயா, பேசாம கஞ்சியப் பாருங்க.”

ஆயா பேசவில்லை. ஆனால் படத்தை எடுத்து அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகக் கட்டம் போட்டது போலத் தெரிந்தது.

அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, இரண்டு கையிலும் இரண்டு போன். கோபமாக வருவார் என்று பார்த்தால் களைத்துப்போய் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒரு போனைக் காட்டினார். பகுதியின் வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு, துடித்துக்கொண்டிருந்தது.

“இது உங்க மையம்மா. இந்த ஒரு புள்ளிய வச்சு நேத்துலேர்ந்து என்னை வறுத்தெடுக்கறாங்க. அந்தக் குழந்தையக் கூப்பிடுங்க.”

டீச்சர் கையைப் பிசைந்தாள். “சார், அந்தக் குழந்தை வந்து…”

“நீங்க இருங்க, இதுவே கண்டுபிடிச்சிடும்” என்று சொல்லி அதிகாரி போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு முகமாகக் கட்டம் விழுந்து விழுந்து மறைந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, கதவோரத்தில் உட்கார்ந்திருந்த குச்சி, தன் இரண்டாவது முட்டை இன்னும் வரவில்லையே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடுப் பாய்க்கு வந்து நின்றது.

போன் ணிங் என்றது. டீச்சர் கண்ணைத் திறந்தாள். பச்சைக் கட்டம். உள்ளே குச்சியின் முகம். கீழே ‘குழந்தை கண்டறியப்பட்டது’.

முதல் நாள் யாரோ அன்னியன் புகுந்துவிட்டது போல எந்த முகத்தைப் பார்த்துப் போன் அலறியிருக்குமோ, அதே முகம். டீச்சர் குச்சியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். கொழுகொழு கன்னம். முட்டையை நினைத்துச் சிரித்ததில் கன்னத்தில் குழி வேறு. இத்தனை நாளும் அந்தக் குழி எங்கே இருந்தது? விழுவதற்குக் கன்னம் இருந்தால்தானே?

“இதோ இருக்காளே” என்று அதிகாரி எழுந்தேவிட்டார். “பேரு… ‘அது சுவர்ல இருக்கற படம்’. என்னம்மா பேரு இது?”

“இப்பல்லாம் என்னென்னமோ வெக்கறாங்க சார்” என்றாள் ஆயா.

அதிகாரி குச்சியைத் தானே தூக்கித் தராசில் நிறுத்தினார். போன் எடையை வாங்கிக்கொண்டு பச்சையாயிற்று. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இரண்டு தடவை துடித்துப் பச்சையாயிற்று. அதிகாரியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. குச்சியின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“தாய் தகப்பன் இல்லாத புள்ள. எவ்வளவு நல்லா வளத்திருக்கீங்க. பொறுப்பாளர்னு உங்க பேரையே போட்டிருக்கீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு.”

டீச்சர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். புள்ளி பச்சை, வேலை பத்திரம், குச்சிக்குத் தினம் இரண்டு முட்டை, ஆறு வயது வரை. அடுப்படியிலிருந்து ஆயா கரண்டியை உதட்டுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

ஆனால் ஆயா காட்டியது டீச்சருக்கு இல்லை. டீச்சர் திரும்பிப் பார்த்தாள். வாசலில் இஸ்திரிக்காரம்மா நின்றிருந்தாள். அதிகாரி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கையில் மடித்த துணியோடு அப்படியே வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆயாவின் கரண்டியைப் பார்த்தாள். குச்சியின் தட்டைப் பார்த்தாள். அவளும் வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தாள், பாவம். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி உள்ளே எடுத்து வைத்தாள்.

“இருக்கேன் சார்” என்றாள்.

“யாரும்மா நீங்க?”

“அம்மா இல்லன்னு சொல்றீங்களே. நான் இருக்கேன். இவ என் வயித்துல பொறந்தவ.”

அதற்கு மேல் டீச்சரால் முடியவில்லை. போன் வந்த நாளிலிருந்து ஆம்புலன்ஸ் போன நேரம் வரை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து படத்தை உருவி அதிகாரியின் முன்னால் பிரித்துப் பிடித்தாள். அவர் நம்பாமல் போனை அதன் மேல் காட்டினார். ணிங். பச்சை. குச்சி மேல் காட்டினார். ணிங். பச்சை. குச்சியையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். குச்சி படத்தைப் பார்த்துச் சிரித்தது. படம் எப்போதும் போல.

“ரெண்டும் ஒண்ணுங்குது” என்றார் அதிகாரி.

“அதோட முட்டைய இது சாப்பிட்டா வேற என்ன சார் சொல்லும்?” என்றாள் ஆயா.

அதிகாரி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். டீச்சர் தன் வேலைக்கு மனசுக்குள் தலை முழுகிவிட்டாள்.

“ஒரு காகிதத்துக்கு ஆம்புலன்ஸ் விட்டோம்னு நான் மேல எழுத முடியாது” என்றார் அதிகாரி கடைசியில். “எழுதினா, முதல்ல என் வேலைதான் போகும். எனக்கு உசுரோட ஒரு குழந்தை வேணும். அது இங்க இருக்கு. இந்தப் பதிவு இனி இவளோடது. ஆனா பேர மாத்த முடியாது, ஆறு வயசு வரைக்கும் பூட்டியிருக்கும். அம்மா பேர மட்டும் நேர்ல வந்த அதிகாரி சேக்கலாம், எந்த எண்ணும் வேண்டாம்.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு சொல்லிடறேன்மா. அம்மா இருக்காங்கன்னு போட்டா சிறப்புப் பிரிவு போயிடும். ரெண்டு முட்டை வராது. ஒண்ணுதான் வரும். இப்படியே விட்டா ரெண்டு வரும். நீங்களே சொல்லுங்க.”

இவ்வளவு காலமாக அந்த முட்டைகளை உரித்தவள் ஆயா. அவள் கூட வாயைத் திறக்கவில்லை. இஸ்திரிக்காரம்மா மகளின் கன்னத்தைப் பார்த்தாள். துணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“ஒண்ணே வரட்டும் சார். இன்னொண்ணுக்கு நான் ரெண்டு சட்டை கூடத் தேய்ச்சுக்கறேன். என் பேரப் போடுங்க.”

அதிகாரி போட்டார். படத்தை இனிமேல் எதிர்ச் சுவரில், போனுக்கு முதுகுப் பக்கமாக ஒட்டும்படி சொன்னார். அது நல்ல யோசனைதான். படம் எடுக்கும்போது பிள்ளைகள் குண்டுப்பாப்பாவைப் பார்க்கும், ஆயா ஆட வேண்டாம். ஆயாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கிளம்பும் முன் அதிகாரி போனை டீச்சர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். இஸ்திரிக்காரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

“எது டீச்சர்? இல்லன்னு இருந்த எடம் எது?”

டீச்சர் காட்டினாள். இஸ்திரிக்காரம்மா குனிந்து பார்த்தாள். கரி படிந்த விரலால் தன் பெயரை மெல்லத் தொட்டாள், குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல. போனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? தொட்டதும் ஒரு கேள்வி கேட்டது.

‘தாயை நீக்கவா?’

“கைய எடும்மா” என்று டீச்சரும் ஆயாவும் அதிகாரியும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் விரலை வெடுக்கென்று இழுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். ‘ஆம்’ என்று ஒரு பொத்தானும், ‘இல்லை’ என்று ஒரு பொத்தானும் காத்திருந்தன. டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, தப்பித் தவறிக் கூட விரல் அந்தப் பக்கம் போய்விடாமல், வாழ்நாளில் எதையும் அவ்வளவு ஜாக்கிரதையாகத் தொட்டதில்லை என்பது போல, ‘இல்லை’யை அழுத்தினாள்.

குச்சி தட்டை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. இன்றைக்கு வந்த முட்டை நேற்றைய கணக்கு. அதனால் இன்னொன்று பாக்கி இருந்தது. ஆயா அதை உரிக்கப் போனாள்.